பனியறிவும் பட்டயமும்

கனடாவின் வடகோடியில், ஊருக்கு ஊர் சாலையே இல்லாத 25 குடியிருப்புகளைக் கொண்ட நுனாவுட் ஆட்சிப்பகுதியின் (அதாவது, மாகாணத்துக்குரிய முழு அதிகாரம் பெறாத பகுதியின்) மக்களில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர், ஆர்க்டிக்கின் தொல்குடிகளான இனுயிட்டுகள். அரசுப் பணிகளில் அவர்கள் மக்கள்தொகைக்கேற்ற பங்கைப் பெற வேண்டும் என்கிறது 1993இல் கையெழுத்தான நுனாவுட் ஒப்பந்தத்தின் 23ஆம் பிரிவு. 1999இல் உருவான ஆட்சிப்பகுதியின் அரசுப் பணியிலோ அந்தப் பங்கு பாதியைச் சுற்றியே வட்டமிடுகிறது. கடற்பனியின் நிறத்தைப் பார்த்தே அது ஆளைத் தாங்குமா என்று சொல்லிவிடும் முதியவரின் அறிவுக்குப் பட்டயம் வழங்கும் கல்லூரி இல்லாததால், பட்டயத்தோடு தெற்கிலிருந்து விமானத்தில் வந்திறங்கும் அதிகாரிக்கு எங்கே கால்வைப்பது என்று அவரே, சம்பளமின்றி, சொல்லித்தர நேர்கிறது. வந்தவருக்கு ஊழியர் குடியிருப்பு காத்திருக்கிறது. உள்ளூர்க்காரரோ ஒரே வீட்டில் மூன்று தலைமுறையோடு நெருக்கியடித்துக்கொண்டு மறுநாள் நேர்காணலுக்காகத் தூங்க முயல்கிறார். தப்பித்தவறி வேலை கிடைத்துவிட்டாலும், அரசு மானிய வீடுகளின் வாடகை வருமானத்தைப் பொறுத்தது என்பதால், சம்பளம் ஏறும்போது வாடகையும் கூடவே படியேறிவிடுகிறது. ‘தகுதியானவர் கிடைக்கவில்லை’ என்று கோப்பை மூடித் தெற்கிலிருந்து அழைத்துவரப்படுபவர்களில் பலர் சில ஆண்டுகளில் திரும்பிப் போய்விடுகிறார்கள். அந்த நாற்காலி மறுபடியும் காலி.