ஓடிபி வந்துச்சா?

ராத்திரி வாசல் கேட், கொல்லைக் கதவு, மாடிப்படி கிரில் என்று எல்லாப் பூட்டையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நான் படுப்பேன். அந்த ஒரு தகுதியை வைத்தே, ஆன்லைனில் பணம் கட்டும் இலாகாவையும் வீட்டில் என் தலையில் கட்டிவிட்டார்கள். கரண்ட் பில்லோ, மிக்சி ஜாருக்கு ரப்பர் வளையமோ, எதுவானாலும் என் கையெழுத்து இல்லாமல் நகராது.

பென்ஷன் வரும் கணக்கை எந்தச் செயலியிலும் சேர்க்கவில்லை. வேறொரு வங்கியில் சின்னதாக ஒரு கணக்கு வைத்து, யூபிஐயை அதில் மட்டும் இணைத்திருக்கிறேன். 2,000 ரூபாய்க்கு மேல் அதில் தங்க விடுவதில்லை. திருடன் வந்தால் ஏமாந்து போகட்டும் என்பது திட்டம். இதுவரை ஏமாந்தவன் நான்தான். மளிகைக் கடையில் 2,300 ரூபாய் பில்லுக்கு முன்னால், பின்னே வரிசை நீண்டு நிற்க, 'போதிய இருப்பு இல்லை' என்று திரை சொல்லிவிட்டது. "பரவாயில்ல சார், நாளைக்குக் குடுங்க" என்று கல்லாப் பையன் காட்டினானே ஓர் இரக்கம், கொள்ளை போயிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

கார்டு சமாசாரம் இன்னும் விசேஷம். 2020 அக்டோபரிலிருந்து புதுக் கார்டுகளில் ஆன்லைன் வசதி மூடியே வருகிறது. நாமாகத்தான் திறந்துகொள்ள வேண்டும். ஊரில் எல்லோரும் ஒருமுறை திறந்துவிட்டு மறந்துவிடுவார்கள். நான் ஒவ்வொரு தடவையும் திறந்து, வாங்கி, மூடுகிறவன். திறக்கவே ஓர் ஓடிபி வேண்டும். கார்டு பென்ஷன் கணக்குடையது, அதுவோ ஜாயின்ட் அக்கவுன்ட். நம்பரை மாற்றிக்கொண்டே இருப்பேன் என்று காரணம் காட்டி, மனைவி தன் மொபைல் எண்ணைத்தான் வங்கியில் பதிந்து வைத்திருக்கிறாள்.

"ஓடிபி வந்துச்சா?"

"வந்துச்சு."

"சொல்லு."

"யாரிடமும் பகிராதீர்கள்னு போட்டிருக்குங்க."

"நான் யாரோவா?"

"பேங்க் மேனேஜரே கேட்டாலும் வாயத் திறக்காதேன்னு அரை மணி நேரம் கிளாஸ் எடுத்தீங்களே."

இந்த வாதம் முடிவதற்குள் ஓடிபி காலாவதியாகிவிடும். மறுபடி அனுப்பச் சொல்லி, மூக்குக் கண்ணாடியைத் தேடி, அடித்து முடித்தால் 60 ரூபாய் ரப்பர் வளையத்துக்கு ஒரு காலைப்பொழுது சரி. அதே நேரத்தில் அவள் ஒரு கையில் முருங்கைக்கீரையும் மறு கையில் போனுமாக, கீரைக்காரம்மாவின் அட்டையை ஸ்கேன் செய்து, பேரம் பேசி, கொசுறாகக் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிடுவாள்.

பயம் வெறும் பயமில்லை, ஐயா. பழைய எக்சர்சைஸ் சைக்கிளை விற்க விளம்பரம் போட்டேன். ராணுவத்தில் இருப்பதாக ஒருவர் போன் செய்தார். பேரமே பேசவில்லை, அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். க்யூஆர் கோடு அனுப்பி, "ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க சார், பணம் உங்க கணக்குக்கு வந்துடும்" என்றார். யூபிஐயில் பணம் அனுப்பத்தான் பின் தேவை, வாங்குவதற்குத் தேவையே இல்லை என்று ஆரம்பித்தேன். பிறகு, நமக்கும் சம்பந்தமில்லாமல் வங்கி மேலும் தப்பில்லாமல் பணம் போயிருந்தால், வங்கியிலிருந்து தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் சொன்னால் நமக்கு நஷ்டமில்லை என்ற 2017 ரிசர்வ் வங்கி விதிக்குப் போனேன். நாமே ஓடிபியோ பின்னோ சொல்லித் தொலைத்திருந்தால், வங்கியில் புகார் செய்யும் வரை போனதெல்லாம் நம் தலையில்தான் என்ற பகுதியையும் விடவில்லை. சைபர் குற்றத்துக்கு உடனே கூப்பிட வேண்டிய 1930 வரை வந்தபோது மறுமுனையில் சத்தமில்லை. அந்த ஆள் என்னை ப்ளாக் செய்துவிட்டான். சைக்கிளில் இப்போது துண்டு காய்கிறது.

வெளியாரிடமிருந்து காசைக் காப்பாற்றிவிட்டேன். உள்வீட்டுத் தணிக்கைதான் தாங்கவில்லை. சின்னக் கணக்கு வற்றும்போதெல்லாம் பென்ஷன் கணக்கிலிருந்து ஊற்ற வேண்டும், அதற்கும் ஓடிபி, அதாவது மனைவி. அன்றைக்கு அவள் ஓடிபியைக் கையில் வைத்துக்கொண்டே என் போனை வாங்கி, செலவுப் பட்டியலை விரலால் தள்ளிக்கொண்டு வந்தாள். விரல் ஓரிடத்தில் நின்றது.

"யாருங்க இந்தச் செல்வி?"

"எந்தச் செல்வி?"

"தினமும் சாயங்காலம் நாலரை மணிக்கு முப்பது ரூபாய் அனுப்பியிருக்கீங்களே, அந்தச் செல்வி."

செல்வி என்பவர் டீக்கடைக்காரரின் சம்சாரம். அவர் பெயரில்தான் வங்கிக் கணக்கு. அதனால் க்யூஆர் அட்டையும் அவர் பெயரில். இதைச் சொன்னால் கற்பு பிழைக்கும். ஆனால் முப்பது ரூபாய் என்பது சர்க்கரை போட்ட டீயும் ஒரு பருப்பு வடையும் ஒரு பஜ்ஜியும் என்பது வெளியே வந்துவிடும். சர்க்கரை நோய்க்காரனுக்கு எந்தக் குற்றத்துக்குத் தண்டனை குறைவு என்று யோசித்தேன். வடையை ஒப்புக்கொண்டேன். "அதுக்கு நிஜமாவே ஒரு செல்வி இருந்திருந்தா உடம்புக்காவது ஒண்ணும் ஆயிருக்காது" என்றாள்.

ஆகவே தடயமில்லாத பழைய முறைக்கே திரும்புவது என்று முடிவெடுத்தேன். ஏடிஎம்முக்குப் போய், சின்னக் கணக்கிலிருந்து 500 ரூபாய் எடுத்தேன். சலசலவென்று ஒற்றைத் தாளாக வந்தது. நேரே டீக்கடை. வடை சூடு. சாப்பிட்டு முடித்து, தலை நிமிர்ந்து நோட்டை நீட்டினேன்.

டீக்கடைக்காரர் நோட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "ஐநூறுக்கு எங்க சார் போவேன் சில்லறைக்கு?" என்று செல்வியின் அட்டையை என் பக்கம் நகர்த்தினார்.