மையமிழந்த மசாலா: பின்நவீனத்துவம் குறித்து ஒரு களஆய்வு

'பின்நவீனத்துவம்' என்ற சொல் மும்பைத் தமிழரிடையே மூவகையில் வழங்குகிறது. செம்பூரில், நாடகம் புரியவில்லை என்பதைப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கௌரவமாகச் சொல்ல. தாராவித் தொண்ணூறடி ரோட்டில், "அது புது பில்டரா அண்ணாச்சி?" என்று திருப்பிக் கேட்க; அவை 2004 முதல் மறுசீரமைப்புத் திட்டங்களைக் கேட்டுப் பழகிய காதுகள். மூன்றாவது வகை தோசைக்கல் சார்ந்தது. ஆய்வாளர்கள் இதுவரை புறக்கணித்தது.

நவீன கட்டடக்கலை 1972 ஜூலை 15 பிற்பகல் 3.32 வாக்கில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் காலமானது என்றார், பின்நவீனத்துவம் பற்றி எழுதிய கட்டடக்கலை விமர்சகர் சார்லஸ் ஜென்க்ஸ். திதி கொடுக்க இவ்வளவு விவரம் போதும். மும்பையின் மாட்டுங்காவில் நவீனம் சாகவில்லை. அங்கே உருளைக்கிழங்கு மசாலா தோசையின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறது. மையம் உண்டு, விளிம்பு உண்டு (மாட்டுங்கா வாய்மொழி மரபு, முதல் காபி).

தெருவோர மைசூர் மசாலா தோசையில்தான் வினை. பரப்பிய மாவின் மேலேயே வெண்ணெய், சிவப்புச் சட்னி, வெங்காயம், தக்காளி, குடமிளகாய், உருளைக்கிழங்கு எல்லாம் விழும். பாவ்பாஜி மசிக்கும் கரண்டியால் அங்கேயே நசுக்கி விளிம்புவரை இழுத்துவிடுவார்கள். அதன்பின் மையத்தைத் தேடுகிறவருக்கு விரல்தான் சுடும். மூலமற்ற நகல் என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர் போத்ரியார் 1981-இல் எழுதியது இதைத்தான். மைசூர்க்காரர் பார்த்தால் என்ன ஊர்ப் பலகாரம் என்று விசாரிப்பார். ஜினி தோசை இன்னும் தீவிரம்: சீஸும் காய்கறியும் அடைத்துச் சுருட்டி, வெட்டி, துண்டுகளை நிமிர்த்தி நிறுத்துகிறார்கள். பின்நவீனத்துவர் சொல்லும் கலப்பு, துண்டாடல், ஆசிரியன் மரணம் மூன்றும் ஒரே தட்டில். ஆசிரியன் செத்தாலும் பில் மட்டும் வந்துவிடுகிறது (மேற்படி மரபு, அதே மேசை, இரண்டாம் காபி; மறுப்புக்கு எதிர் மேசை, ரசவடை, பில் வருவதற்கு முந்திய பாடம்; பில் வந்தபின் இரு தரப்பும் மௌனம், மூன்றாம் காபி).

'பின்நவீனத்துவம்' என்ற சொல்லை உலகெங்கும் பரப்பிய, பிரெஞ்சுத் தத்துவவாதி லியோதாரின் 1979-ஆம் ஆண்டு நூல், கியூபெக் அரசின் பல்கலைக்கழக மன்றம் கேட்டு எழுதிக் கொடுத்த அறிக்கை. அரசாங்க அறிக்கையைப் படிக்கும் வழக்கம் நமக்கில்லை. ஆகவே மரபு பிறழாமல், படிக்காமலே மேற்கோள் காட்டினோம்.

இயற்பியலாளர் ஆலன் சோக்கல் வேண்டுமென்றே ஒரு பின்நவீனத்துவப் பிதற்றலை எழுதி 'சோஷியல் டெக்ஸ்ட்' இதழுக்கு அனுப்பினார், 1996-இல் அச்சாகிவிட்டது. அதில் குறிப்புகளே 100-க்கு மேல். என்னிடம் இருப்பதோ மூன்று காபி. மீதி 97-க்கு நல்கை கோரி விண்ணப்பம் போட்டிருக்கிறேன்.