அளக்கத் தெரிந்த கணினி

கேள்வி: வீட்டு வரைபடத்தைக் கணினியே சரிபார்த்து அனுமதி தரும் முறை திருகோணமலைக்கு வந்தால் எங்கள் அலைச்சல் தீருமா?
— வாசகர், உப்புவெளி

பதில்: பாதி தீரும். மீதிப் பாதி கடற்கரையில் குந்தியிருக்கிறது.

மதிலுக்கும் சுவருக்கும் நடுவே எத்தனை அடி, யன்னல் போதுமா, மாடி உயரம் மிஞ்சுகிறதா என்பதையெல்லாம் கணினி நொடியில் அளந்துவிடும். கைக்கடன் கேட்காது, மதியச் சாப்பாட்டுக்கும் போகாது. தமிழ்நாட்டில் 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடிக்குட்பட்ட மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோர் சுயசான்று கொடுத்தால் இணையத்திலேயே உடனடி அனுமதி.

எங்கள் ஊரிலோ வீட்டுப் படத்தைவிட வீடு நிற்கும் மண்தான் சிக்கல். 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடலின் உயர்நீர்க் கோட்டிலிருந்து உள்ளே 300 மீற்றர் கரையோர வலயம். அங்கே கட்டக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களமும் சம்மதிக்க வேண்டும். துறைமுகத்தைச் சுற்றிய பெருங்காணி 1984இல் துறைமுக அதிகார சபையின் கைக்குப் போனது; அந்தக் காணியில் பயிரிட்டுவந்த முத்துநகர் விவசாயிகள் போராட வீதியில் இறங்கியதன் வேரும் அதில்தான். கோணேசர் மலைப் பக்கம் போனால் தொல்லியல் திணைக்களம் நிற்கும்.

மென்பொருள் வாங்க முன், இந்த எல்லைகளை எல்லாம் ஒரே படத்தில், தமிழில், எவரும் கைபேசியில் பார்க்கும்படி போடட்டும். அத்திவாரம் வெட்டிய பிறகு ஒரு திணைக்களம் வந்து "இது எங்கள் காணி" என்பதைவிட, உறுதி எழுத முன்பே சனத்துக்குத் தெரிவது எவ்வளவோ மேல். கோப்பு எந்த மேசையில் எத்தனை நாளாகக் கிடக்கிறது என்பதையும் அதே திரை காட்டவேண்டும்.