ஓரிடவண்ணவியல்: ஓர் அறிமுக ஆய்வு

கறுப்பு வெள்ளைப் படத்தில் ஓரிடத்தை மட்டும் வண்ணத்தில் விட்டுவைப்பது ஓரிடவண்ணம் எனப்படும். யாரால் எனப்படும் என்று கேட்கலாகாது. ஆய்வுலகில் செயப்பாட்டு வினைக்கு எழுவாய் தேடுவது மரியாதைக் குறைவு.

இத்துறையின் தோற்றத்தைச் சங்ககாலத்துக்குக் கொண்டுபோக ஆர்வலர்கள் துடிப்பார்கள். சான்று கிடைக்காத காரணத்தால் 1925இலேயே நின்றுகொள்வோம். அவ்வாண்டு வந்த ஐசன்ஸ்டைனின் 'போர்க்கப்பல் பொட்டெம்கின்' கறுப்பு வெள்ளைப் படம்; கப்பலில் ஏறும் கொடி மட்டும் சிவப்பு, படச்சுருளில் கையாலேயே பூசியது. அக்காலச் சுருளில் சிவப்பு கறுப்பாக விழும் என்பதால் படப்பிடிப்பில் ஏற்றியதோ வெள்ளைக் கொடி. புரட்சிக் கொடி சமாதானக் கொடியாகப் பிறந்தது குறித்துத் தனி ஆய்வேடு வரவேண்டும். வந்தால் நான் படிக்கமாட்டேன்.

1963இல் குரோசாவாவின் 'ஹை அண்ட் லோ'வில் புகைபோக்கியிலிருந்து இளஞ்சிவப்புப் புகை எழுந்து கடத்தல்காரனைக் காட்டிக்கொடுத்தது. 1993இல் ஸ்பீல்பெர்கின் 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்'டில் சிவப்புக் கோட்டுச் சிறுமி நடந்துபோனாள். இவ்விரண்டிலும் வண்ணத்துக்கு வேலை இருந்தது. ஆகவே நம் ஆய்வுக்கு உதவா.

ஃபோட்டோஷாப் 1990இல் வந்தது. பின்னாளில் கல்யாண ஆல்பக்காரர் கைக்கும் வந்தது. முறை எளிது. கீழடுக்கில் கலர்ப் படம், மேலடுக்கில் அதன் கறுப்பு வெள்ளை. மேலடுக்குக்கு மாஸ்க் போட்டு, வேண்டிய இடத்தில் பிரஷ்ஷால் தேய்த்தால் கீழே உள்ள கலர் எட்டிப்பார்க்கும். கை தவறித் தேய்த்தால் பக்கத்தில் நிற்கும் நாத்தனாரின் முழங்கையும் எட்டிப்பார்க்கும்.

வகைகள் பல. கூறைப்புடவை வகையில் மணமகள் வண்ணத்திலும் மணமகன் சாம்பலிலும் நிற்பர். இது வருங்காலம் உணர்த்தும் குறிப்பு என்பார் ஒருசாரார். மருதாணிக் கை வகையில் கைக்குரியவர் யாரென்று தெரியாது. உதட்டு வகை பற்றிப் பேசுவதற்கில்லை.

எஞ்சியது மல்லிகைச் சிக்கல். மணமகள் தலையில் சூடிய மல்லிகையை மட்டும் கலரில் விட்டிருப்பதாக ஆல்பக்காரர் சொல்கிறார். மல்லிகை வெள்ளை. கறுப்பு வெள்ளையாக்கும் வழக்கமான கணக்கொன்றில் சிவப்புக்கு 0.299, பச்சைக்கு 0.587, நீலத்துக்கு 0.114 என்று பங்கு, கூட்டினால் 1. தூய வெள்ளையில் மூன்றும் 255 ஆகையால் விடையும் 255. அதாவது, போன மல்லிகையே திரும்பி வரும். அப்படியாயின் படத்தில் வண்ணம் உண்டா, இல்லையா?

உண்டு என்பவர் உண்மையர். வண்ணம் கண்ணில் இல்லை, தேய்த்தவர் கருத்தில் உளது. அன்றியும் அதற்குத் தனியே பணம் வாங்கப்பட்டுள்ளது, இல்பொருளுக்குப் பணம் வாங்குதல் கூடாமையின் உளதே என்று நிறுவுவர். இல்லை என்பவர் இன்மையர். பெரும்பாலும் பணம் கொடுத்தவர்கள். இருவருக்கும் நடுவே காம்பியர் புகுந்து, பூ வெள்ளையாயினும் காம்பு இளம்பச்சை, அப்பச்சையே சான்று என்று பூதக்கண்ணாடி நீட்டுவர். சரத்தில் இரண்டு கனகாம்பரம் வைத்துக் கட்டியிருந்தால் வழக்கே எழுந்திராது என்று பூக்காரம்மா சொன்னது, ஆய்வு நெறிமுறைக்கு உட்படாமையால் தள்ளப்பட்டது.

இவ்விடத்தில் பண்டை உரைகாரர் ஒருவர் (பெயர் கிடைக்கவில்லை) தம் நூலில் (அதுவும் கிடைக்கவில்லை) 'வெளிதும் ஒரு நிறமே' என்றாராம். அவர் மாணாக்கர் அதை 'எளிதும்' என்று படித்து எளிமை பற்றி நாற்பது பக்கம் எழுதினார். அதைக் கண்டித்தவர், கரையான் தின்ற ஓட்டையைப் புள்ளி என்று கொண்டு, இன்னொரு சொல்லைப் படைத்தார். மூன்றையும் ஒப்பிட்ட பதிப்பாசிரியர் ஓரத்தில் 'பிழை' என்று மட்டும் குறித்துக் காலமானார். எது பிழை என்பதற்காகவே இன்றும் கருத்தரங்குகள் கூடுகின்றன. மதிய உணவு உண்டு.

ஏன் ஓரிடத்தை மட்டும் வண்ணத்தில் விடுகிறார்கள்? ஒரே மாதிரியானவற்றுக்கு நடுவே வேறுபட்ட ஒன்று நினைவில் தங்கும் என்று ஹெட்விக் ஃபான் ரெஸ்டார்ஃப் 1933இல் காட்டினார். இது மெய்யான மேற்கோள்; அதனாலேயே கட்டுரையில் ஒட்டாமல் நிற்கிறது. ஆனால் மணமேடையில் மணப்பெண் எவள் என்று தெரியாமல் விழித்தவர் எவருமிலர். இத்தனை பட்டுக்கும் நகைக்கும் பிறகும் விரலால் சுட்டுகிறார் என்றால், ஆல்பக்காரருக்கு நம் கண் மேல் நம்பிக்கை இல்லை.

இக்கட்டுரை விரிந்து முனைவர் பட்ட ஆய்வேடாகும்போது, கலர் பிரிண்ட் விலை கருதிப் பிரதிகள் அனைத்தும் கறுப்பு வெள்ளை ஜெராக்ஸில் அளிக்கப்படும். புறத்தேர்வாளர் ஒவ்வொரு படத்தையும் உற்றுநோக்கி, வண்ணத் தெரிவு அருமை என்று பாராட்டுவார். நூற்பட்டியலில் தம் நூல் விடுபட்டதை மட்டும் சேர்க்கச் சொல்லி, பட்டத்துக்குப் பரிந்துரைப்பார்.