தீர்த்தமலை ஏற்றத்தில் 'இன்னும் கொஞ்சந்தான்' என்னும் அளவை: ஒரு கள ஆய்வு

தமிழர் நீட்டலளவை பற்றி எழுதிய பெரியோர்கள் விரல், சாண், முழம், கோல், கூப்பிடு, காதம் என்று வரிசையாக அடுக்கிவிட்டு, அத்தனையிலும் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டார்கள். மலையேறுகிறவர் மூச்சு வாங்க நின்று, "இன்னும் எவ்ளோ தூரம்ணா?" என்று கேட்கிறார். இறங்கி வருகிறவர் நிற்காமலே, "தோ, இன்னும் கொஞ்சந்தான்" என்கிறார். அந்தக் 'கொஞ்சம்' பற்றியதுதான் இக்கட்டுரை. கோலும் காதமும் வழக்கொழிந்துவிட்டன. முழம் பூக்காரம்மாவின் கையில் ஊசலாடுகிறது. கிலோமீட்டர் வந்த பிறகும் அசையாமல் நிற்பது கொஞ்சம் ஒன்றே. இருந்தும் அதன் நீளத்தை இதுவரை யாரும் வரையறுக்கவில்லை.

ஆய்வுக் களம் தருமபுரி மாவட்டத்துத் தீர்த்தமலை. அரூரிலிருந்து 16 கிலோமீட்டர். அடிவாரத்தில் ஒரு கோயில், மேலே தீர்த்தகிரீசுவரரும் வடிவாம்பிகையும் குடியிருக்கும் கோயில், இரண்டுக்கும் நடுவே படியும் சரிவுமாக முழங்காலைப் பதம் பார்க்கும் ஏற்றம். அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலம். எப்படி ஏறினார் என்பதற்குக் குறிப்பில்லை. மேலே ராமர், குமாரர், கௌரி, அகத்தியர், அக்னி என்று ஐந்து தீர்த்தங்கள். செங்குத்துப் பாறையிலிருந்து ராமர் தீர்த்தம் தலையில் விழும்போது ஏறி வந்த களைப்பெல்லாம் ஓடிவிடும் என்பது பொதுவழக்கு. ஓடியது களைப்பா, இல்லை குளிரில் நினைவா என்பது வேறொரு கட்டுரைக்கு உரியது.

இம்மலையைத் தேர்ந்ததற்குக் காரணம் அதன் தலபுராணமே. இராவணனை முடித்துத் திரும்பிய இராமர் இங்கே சிவபூசைக்கு உட்கார்ந்தார். கங்கைநீர் கொண்டுவர அனுமன் காசிக்குப் போனார். பூசை நேரம் நெருங்கியும் ஆளைக் காணோம். பொறுத்துப் பார்த்த இராமர் பாறையில் அம்பை விட, பீறிட்ட நீரே ராமர் தீர்த்தம். தாமதமாக வந்து சேர்ந்த அனுமன் கோபத்தில் குடத்தை வீச, அது தென்பெண்ணைக் கரையில் விழுந்த இடம்தான் அனுமன்தீர்த்தம். அங்கே முழுகிவிட்டு இங்கே வருவது இன்றும் முறை. தூரத்தைப் பற்றிய ஒரு மதிப்பீடு தவறியதால் உண்டான திருத்தலம் இது. 'கொஞ்சம்' ஆய்வுக்கு இதைவிடப் பொருத்தமான மண் எது?

தூரக்கணக்கில் தருமபுரிக்காரர்களுக்குப் பழக்கமில்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இம்மாவட்டத்தில் கிடைத்த பழைய காதக்கல் ஒன்று, அதியமான் பெருவழியில் நாவற்றாவளத்துக்குக் காதம் 29 என்று எழுத்தில் சொல்கிறது. எழுத்தறியாத வழிப்போக்கர் என்ன செய்வார் என்றும் யோசித்து, பத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய குழிகளும் ஒன்றுக்கு ஒன்றாக ஒன்பது சிறிய குழிகளும் அதிலேயே குடைந்திருக்கிறார்கள். மூட்டையை இறக்கிவைத்துவிட்டு விரலால் தடவிப் பார்த்தாலே தூரம் தெரிந்துவிடும். இருட்டிலும் தெரியும். இவ்வளவு நாணயமாகத் தூரம் சொன்ன மண்ணில், கொஞ்சம் எப்படி ஆட்சிக்கு வந்தது? பெருவழி சமதரை, தீர்த்தமலை ஏற்றம் என்பதே விடை. சமதரையில் நடப்பவருக்குத் தகவல் வேண்டும். ஏறுகிறவருக்கு வேறொன்று வேண்டும்.

மேனாட்டார் இந்த வேறுபாட்டைப் பாதிதான் புரிந்துகொண்டார்கள். 1892இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் ஒரு சூத்திரம் தந்தார்: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 2000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். நல்ல சூத்திரம்தான். ஆனால் முட்டிவலிக்காரப் பெரியப்பாவுக்கும், 'எனக்குப் பசிக்குது' என்று எட்டாவது படியிலேயே உட்கார்ந்துவிடும் பேரனுக்கும் அதில் இடமில்லை. நைஸ்மித் குடும்பத்தோடு ஏறவில்லை என்று உறுதியாக ஊகிக்கலாம்.

வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் டென்னிஸ் பிராஃபிட்டும் கூட்டாளிகளும் இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்தார்கள். 5 டிகிரிச் சரிவைக் கீழே நின்று பார்ப்பவர்கள் சுமார் 20 டிகிரி என்று மதிப்பிடுவதாக 1995இல் எழுதினார்கள். கனமான பையை மாட்டிவிட்டால் அதே சரிவு இன்னும் செங்குத்தாகத் தெரிகிறது என்றார்கள் 1999இல். பக்கத்தில் நண்பர் இருந்தால் சரிவு சற்றுத் தாழ்கிறது என்பது 2008ஆம் ஆண்டின் முடிவு. பை எதற்கென்று ஊகித்துக்கொண்டு ஆட்கள் அதற்கேற்ற பதிலைச் சொல்லியிருக்கலாம் என்று பிற்பாடு சிலர் மறுத்தார்கள். தீர்த்தமலையில் இந்த ஐயத்துக்கே இடமில்லை. புளிசாதத் தூக்கைச் சுமக்கும் அத்தை எதையும் ஊகிப்பதில்லை. "இதைப் பிடிடா, எனக்கு மலையே சாஞ்சு மேல விழுற மாரி இருக்கு" என்று நேரடியாகச் சொல்கிறார். தூக்கின் எடையைக் குறைக்கும் பொறுப்பைப் பாதி வழியில் குரங்குகள் ஏற்றுக்கொள்கின்றன.

இனித் தரவு. இறங்கி வருவோரில் யார் சொல்லும் கொஞ்சம் எவ்வளவு நீளம்?

வழியில் எலுமிச்சை சோடா விற்பவரின் கொஞ்சம் நம்பத்தக்கதன்று. அவரிடம் நின்று குடிப்பவருக்குக் கொஞ்சம் நீள்கிறது ("உக்காந்து குடிச்சிட்டுப் போங்க சார், மேல ஏத்தம் கொஞ்சம் இருக்கு"), நிற்காமல் போகிறவரைப் பற்றி அவருக்குக் கருத்தேயில்லை. புதுமணத் தம்பதியரிடம் கேட்பது வீண். கல்லூரி மாணவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "இப்பதான் பாதி வந்திருக்கீங்க அங்கிள்" என்று உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள். விளைவு கண்கூடு: அங்கிள் உட்கார்ந்துவிடுகிறார், அவர் உட்கார்ந்ததைப் பார்த்து ஆன்ட்டியும் உட்கார்ந்துவிடுகிறார், இனி எழுப்புவது தேரை இழுப்பதுபோல.

மிகச் சிறந்த தரவு கிழவிகளிடமிருந்தே கிடைத்தது. வெறுங்காலில், இடுப்பில் ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு, கையில் தீர்த்தம் பிடித்த பழைய பிளாஸ்டிக் பாட்டிலோடு இறங்கி வந்த ஒரு பாட்டி, கேள்வி முடியுமுன்பே பதில் சொன்னார். "தோ, அந்த வளைவு தாண்டினா கோயிலு சாமி. நானே ஏறிட்டு வரேன், உனக்கு என்ன கேடு?" வளைவைத் தாண்டினால் இன்னொரு வளைவுதான் இருந்தது. ஆனால் தாண்டியாயிற்று. பாட்டியின் பதிலில் இரண்டு பகுதிகள் உண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். முதற்பகுதி தவறு. இரண்டாம் பகுதி மானத்தின் மேல் கைவைக்கிறது. கால்களை நகர்த்தியது இரண்டாம் பகுதியே.

இதைப் பொய் என்று ஒதுக்கிவிடலாமா? கூடாது என்பதற்கு இம்மாவட்டத்திலேயே மிகப் பழைய முன்னுதாரணம் இருக்கிறது. தகடூர் ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி ஔவையாருக்கு நெல்லிக்கனி தந்த கதை தெரியாத தமிழர் இல்லை. புறநானூற்று 91ஆம் பாட்டு நுணுக்கமாக ஒன்றைச் சொல்கிறது. ஏறுதற்கரிய மலையின் பிளவில், உச்சியில் விளைந்த கனி அது. சாவை நீக்கும் அதன் பயனை வாயால் சொல்லாமல் உள்ளத்திலேயே அடக்கிக்கொண்டு கொடுத்தானாம். அந்தக் கொடையை எல்லாரும் வியக்கிறார்கள், கொடுத்த உத்தியை யாரும் ஆராய்வதில்லை. பயனைச் சொல்லியிருந்தால் ஔவை அதை வாங்கித் தின்றிருப்பாரா? "நீயே வைத்துக்கொள்" என்று திருப்பியல்லவா கொடுத்திருப்பார்! தெரிந்ததை அடக்கினால்தான் சில கொடைகள் சென்று சேரும். செங்குத்தான மலையில் ஏறி வந்தவன் கண்டுபிடித்த கொள்கை இது. எந்த மலை என்று பாட்டு சொல்லவில்லை. தீர்த்தமலைதான் என்று நிறுவ இவ்வாய்வாளனுக்கு ஆசை மட்டுமே உண்டு, சான்று கிடையாது.

ஆகவே, ஈரத் துணிப் பாட்டி அதியமான் மரபில் வருகிறவர். மேலே எவ்வளவு ஏற்றம் மிச்சமிருக்கிறது என்று அவருக்கு அங்குலம் அங்குலமாகத் தெரியும். அடக்கிக்கொண்டு கொஞ்சத்தைக் கொடுத்தார். இதன்படி வரையறை இவ்வாறு அமைகிறது: கேட்டவர் எழுந்து அடுத்த வளைவுவரை நடப்பதற்கு எவ்வளவு தூரம் மிச்சமிருக்கிறதாக அவர் நம்பவேண்டுமோ, அவ்வளவே ஒரு கொஞ்சம். உண்மையான தூரத்தோடு அதற்கு ஒட்டுமில்லை, உறவுமில்லை.

இக்கொள்கைக்கு ஓர் இடையூறு, மலையுச்சியில். அங்கே யாருமே கொஞ்சம் என்று சொல்வதில்லை. சுவரோரம் நின்று சமவெளியைப் பார்க்கிறார்கள். வயல், தோப்பு, ஓட்டுக் கூரை, அதற்கப்பால் மங்கலாக மலைத்தொடர். கீழே இரண்டு வளைவைக் கணக்கிட முடியாத அதே ஜனங்கள், மேலே வந்ததும் திடீரென்று சர்வேயர்களாகிவிடுகிறார்கள். "அனுமன்தீர்த்தம் அந்தா தெரியுது." "அதில்ல மாமா, அது வேற ஊர்." தென்பெண்ணையைக் காட்டுவதற்கு ஆளுக்கொரு திசை இருக்கிறது. நந்தி மலையில் பிறந்து கடலூரில் கடலில் சேரும் ஆறு, இங்கே ஒரே குடும்பத்துக்குள் மூன்று பக்கம் ஓடுகிறது. இனி ஏற வேண்டிய தூரம் இல்லாததால் யாரும் யாரையும் தேற்ற வேண்டியதில்லை. எண்கள் தாராளமாகப் புழங்குகின்றன.

ஆய்வின்போது காலை வெயிலில் கிழக்கே ஏதோ பளபளத்தது. வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டியிருந்த ஒரு மாமா, "சாத்தனூர் அணை" என்று தீர்ப்புச் சொன்னார். 1958இல் கட்டி முடித்தது, உயரம் 119 அடி, 7321 மில்லியன் கன அடி பிடிக்கும் என்று கையோடு புள்ளிவிவரமும் தந்தார். எல்லாம் சரியான எண்கள். மருமகன் சந்தேகத்தோடு, தகரக் கொட்டகையாக இருக்குமோ என்றார். மாமா அவரை ஒரு பார்வை பார்த்தார். அக்காள்கள் இருவரும் அணையைப் பின்னணியில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். பேரப்பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்து, "தண்ணி தெரியுதா கண்ணு?" என்று கேட்டார்கள். தெரியுது என்றது குழந்தை.

அப்போது சாத்தனூர் அணை மெதுவாக நகர்ந்தது. ஒரு புளியமரத்துக்குப் பின்னால் மறைந்து மறுபக்கம் வெளிப்பட்டு, ஹாரன் அடித்துக்கொண்டே அரூர் சாலையில் திரும்பியது. பால் டேங்கர்.

மாமா வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, "அணை அதுக்குப் பின்னாடி இருக்குது" என்றார்.