பிராத்மிக் பராக்கிரமம்

1956 மாநிலப் பிரிப்பில் கேரளத்துக்குள் வந்துவிட்ட கொழிஞ்சாம்பாறையிலோ மூணாறு எஸ்டேட் லயத்திலோ ஒரு தமிழ்ப் பிள்ளையின் அன்றாடத்தைப் பாருங்கள். வீட்டில் தமிழ். பஸ் போர்டில் மலையாளம். பள்ளியில் இங்கிலீஷ். இத்தனையும் போதாதென்று, மாலையில் பக்கத்து வீட்டு டீச்சரிடம் இந்தி.

1918இல் காந்தியின் முயற்சியால் சென்னையில் தொடங்கிய தட்சிண பாரத இந்தி பிரச்சார சபா, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் தேர்வு நடத்துகிறது. பிராத்மிக், மத்தியமா, ராஷ்டிரபாஷா, பிரவேசிகா என்று படிக்கட்டு நீளும், உச்சியில் பிரவீண். ஏறுவது பிள்ளை, மூச்சு வாங்குவது அம்மா. படிவம் நிரப்புவது, போட்டோ ஒட்டுவது, கட்டணம் வசூலிப்பது, தேர்வன்று ஜீப் பிடிப்பது எல்லாம் வாட்ஸ்அப் குழுத் தாய்க்குலம்தான். "அக்கா, இனிஷியலைப் பேருக்கு முன்னாடி போடணுமா, பின்னாடியா?" என்று ஒருவர் கேட்டால் போதும், குழு ராத்திரி முழுக்கத் தூங்காது.

பிள்ளையின் கவலை வேறு. மேசையும் நாற்காலியும் பெண்பாலாம், கதவு ஆண்பாலாம். தமிழில் மூன்றும் சிவனே என்று அஃறிணையாகக் கிடந்தவை.

சான்றிதழ் வந்ததும் சட்டம் போட்டு மாட்டுகிறார்கள். அதே பிள்ளை, பொள்ளாச்சியிலிருந்து வந்த கல்யாணப் பத்திரிகையை எழுத்துக்கூட்டவும் முடியாமல் விழிக்கிறது. அதைப்பற்றிக் குழுவில் பேச்சே இல்லை. சும்மா கிடைக்கும் மொழிக்கு என்ன மவுசு?

ஆகவே, தமிழ் வளர்க்கப் புறப்பட்ட பெரியோரே, மாநாடெல்லாம் வேண்டாம். கட்டணம், ஹால் டிக்கெட், சான்றிதழ் மூன்றையும் வையுங்கள். மீதியை அம்மாக்கள் பார்த்துக்கொள்வார்கள்.