மாமனார் மேல் விழுந்த பழி

ஆக்லாந்தில் ஓடும் பழைய வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பூர்வீகம் ஜப்பான். 1980-களின் கடைசியில் நியூசிலாந்து இறக்குமதிக் கதவைத் திறந்துவிட்டது. ஜப்பானில் ஓடிக் களைத்த வண்டிகள் கப்பலேறி வந்து இங்கே மறுபடி ஓடத் தொடங்கின. உள்ளூரில் கார் பாகங்களைப் பொருத்திக்கொண்டிருந்த ஆலைகள் 1998-இல் கடையைக் கட்டின.

எங்கள் எட்டு இருக்கை வேனும் அப்படி வந்ததுதான். சாவியைத் திருப்பியதும் ஒரு ஜப்பானியப் பெண் கனிவாக ஏதோ சொல்வாள். சுங்கச்சாவடி அட்டையை இன்னும் செருகவில்லை என்கிறாளாம். செருகப்போவதில்லை என்று அவளுக்கு யார் சொல்வது? ரேடியோவும் இன்னும் அந்த நாட்டுப் பிரஜைதான். அந்தக் காலத்து ஜப்பான் எஃப்.எம். 76-இல் தொடங்கி 90 மெகாஹெர்ட்ஸோடு முடிந்துவிடும். ஆக்லாந்து நிலையங்களோ முக்கால்வாசி அதற்கு மேலே இருக்கின்றன. ஆகவே எங்கள் வண்டியில் பாட்டு என்றால் மாமனார் பாடினால்தான்.

எஞ்சின் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில். பேட்டரி இடப்பக்க இருக்கைக்கு அடியில். ஊரிலிருந்து வந்திருந்த மாமனார், மரியாதை நிமித்தம், அந்த இடப்பக்க இருக்கையில்தான் உட்கார வைக்கப்பட்டார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரோட்டோருவாவுக்குப் போகும் பயணத்துக்கு முன்னால்தான் வாரண்ட் வாங்கியிருந்தோம். வண்டியின் தகுதிச் சான்றுக்கு இங்கே அதுதான் பெயர். ஊரில் வாரண்ட் என்றாலே போலீஸ்தான் ஞாபகம் வரும் மாமனார், கண்ணாடியில் அந்தச் சீட்டைப் பார்த்துக் கொஞ்சம் கலவரப்பட்டார். 2000-க்கு முன்னால் முதல் பதிவு ஆன வண்டி என்றால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை காட்ட வேண்டும் என்பது 2014-இல் வந்த ஏற்பாடு. பிரேக், விளக்கு, சீட் பெல்ட், துரு எல்லாம் பார்ப்பார்கள். டயர்ப் பள்ளம் 1.5 மில்லிமீட்டராவது இருக்கிறதா என்று அளப்பார்கள். பேட்டரிக்கு எவ்வளவு மின்சாரம் போகிறது என்பது அவர்கள் கவலை இல்லை. வண்டியை மோந்து பார்ப்பதும் அவர்கள் வேலை இல்லை.

ரோட்டோருவா ஆக்லாந்திலிருந்து சுமார் 230 கிலோமீட்டர். தெற்கே இறங்கியதும் பம்பாய் மலை வரும். நம்மூர்ப் பம்பாய்க்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. 1860-களில் குடியேறிகளை ஏற்றிவந்த ‘பம்பாய்’ என்ற கப்பலின் பெயர் அது. மாமனாருக்கு இதில் ஏமாற்றம். அப்புறம் வைக்காட்டோ சமவெளி, தகரத்தில் நாய் உருவத்தில் கட்டடம் கட்டி வைத்திருக்கும் டீராவ். அங்கிருந்து ஐந்தாம் நெடுஞ்சாலையில் திரும்பி மமாக்கு காட்டுப் பக்கம் ஏறும்போதுதான் முதல் தடவையாக அந்த வாசனை வந்தது. அழுகிய முட்டை.

“ஊர் வந்துடுச்சு போல,” என்றாள் மனைவி.

ஊர் வர இன்னும் தூரம் இருந்தது. ஆனாலும் எல்லோரும் ஒப்புக்கொண்டோம். ரோட்டோருவா என்றாலே கந்தகம்தானே. நிலத்தடியில் கொதிக்கிற வெந்நீரோடு ஹைட்ரஜன் சல்ஃபைடும் வெளியே வருகிறது. ஊர் முழுக்க முட்டை நாற்றம், அதைக் காசு கொடுத்து அனுபவிக்கப் பயணிகள். கூய்ராவ் பூங்காவில் இலவசமாகக் காலை நனைக்கத் தொட்டி கட்டி வைத்திருக்கிறார்கள். நனைத்ததில் மாமியாரின் வெள்ளி மெட்டி கறுத்துப்போனது. வெள்ளியும் கந்தகமும் சேர்ந்தால் அப்படித்தான் ஆகும். அத்தைக்கு அந்த வேதியியலில் உடன்பாடு இல்லை; வெள்ளி வாங்கிய கடையைத்தான் திட்டினார்.

சிக்கல், திரும்பி வருகிற வழியில் ஆரம்பித்தது. டீராவ் தாண்டியும் நாற்றம் போகவில்லை. ஹாமில்டனைத் தாண்டியும் போகவில்லை. ஜன்னலை இறக்கினால் குளிர்காலத்துக் காற்று காதை அறுக்கிறது, ஏற்றினால் முட்டை. மனைவி என்னைப் பார்த்தாள். நான் பின் கண்ணாடி வழியாக அத்தையைப் பார்த்தேன். அத்தை மாமாவின் பின்னந்தலையைப் பார்த்தார். முந்தின நாள் இரவு தங்கிய இடத்தில் மாமா குமாராவை விரும்பிச் சாப்பிட்டிருந்தார். குமாரா என்பது மாவோரி மக்கள் தந்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு. அவித்து உப்புப் போட்டால் எத்தனை உள்ளே போகிறது என்றே தெரியாது.

“மாமா, உங்களுக்கு ஏதாவது வாசனை வருதா?” என்று பொதுவாகக் கேட்டேன்.

“எனக்கு ஒண்ணும் தெரியலையே மாப்பிள்ளை,” என்றார்.

உலகம் பூராவும் குற்றவாளி சொல்கிற பதில் அது. அதே நேரம் அறிவியலும் அவர் கட்சிதான்: இந்த வாயுவை மூக்கு நுணுக்கமாகக் கண்டுபிடிக்கும், பிறகு சீக்கிரமே பழகி உணராமல் போகும். வாயு கிளம்பிய இடத்துக்கு நேர் மேலே உட்கார்ந்திருந்தவருக்குத் தெரியாமல் போனது நியாயமே. அப்போது அது யாருக்குத் தோன்றியது? பெண் கொடுத்தவரிடம் மாப்பிள்ளை எதைத்தான் கேட்க முடியும்? அத்தை மட்டும், “ஓமம் எடுத்துட்டு வந்திருக்கலாம்,” என்று காற்றிடம் சொன்னார்.

வீட்டுக்கு வந்த பிறகு புலனாய்வு தொடங்கியது. மெக்கானிக்கிடம் போனால் மணிக்கு நூறு டாலருக்கு மேல். ஆக்லாந்துத் தமிழர்களிடம் கேட்டால் ஆலோசனை இலவசம், அளவும் கிடையாது. புகைக்குழாயில் இருக்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கெட்டால் முட்டை நாற்றம் வரும் என்றார் ஒருவர். வரும்தான், ஆனால் அதற்குப் பெட்ரோலில் கந்தகம் வேண்டும். இங்கே 2018-இலிருந்து பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று சட்டம். பின் அச்சின் கியர் ஆயில் பழசானால் கந்தக வாடை அடிக்கும் என்றார் இன்னொருவர். அதிலும் உண்மை உண்டு, ஆனால் ஒழுகல் எங்கும் இல்லை. சீட் உறைகளைத் துவைத்தோம். தரைவிரிப்பில் சோடா உப்பைத் தூவினோம். வண்டி நின்றிருந்தால் நாற்றம் குறைகிறது, கடைக்குப் போய்வந்தால் கூடுகிறது. மாமா கூட வராத நாளிலும் கூடியது. அதை யாரும் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கடைசியில் அத்தை சாம்பிராணித் தட்டோடு வாசலுக்கு வந்தார். கங்கு கனன்றுகொண்டிருந்தது. வண்டிக் கதவைத் திறந்து கையை நீட்டப் போனபோது பக்கத்து வீட்டு வேலிக்கு மேலே ஒரு குரல்:

“ஐயோ, நெருப்பைக் கிட்டக் கொண்டு போகாதேங்கோ அம்மா!”

யாழ்ப்பாணத்து அண்ணை. வயது எழுபதைத் தாண்டியவர். அதிகம் பேசமாட்டார். வேலியைச் சுற்றி வந்து ஒரு தடவை மோந்தார்.

“லைற் வழமையிலும் பாக்கக் கூட வெளிச்சமோ தம்பி?”

ஆமாம் என்றேன். இரவில் பம்பாய் மலை இறங்கும்போது ஹெட்லைட் வெளிச்சத்தைப் பார்த்து, ஜப்பான்காரன் ஜப்பான்காரன்தான் என்று மாமா பாராட்டியிருந்தார்.

“பல்ப் ஏதும் எரிஞ்சு போச்சுதோ?”

வந்த மறுநாளே ஒன்று போயிருந்தது.

அண்ணை வீட்டுக்குள் போய் ஒரு மல்டிமீட்டரோடு திரும்பினார். இருக்கையைத் தூக்கினோம். பேட்டரிப் பெட்டி பக்கவாட்டில் உப்பி, மூடியைச் சுற்றி ஈரம். எஞ்சினை ஓடவிட்டு முனைகளில் கம்பியை வைத்தார். பதினாலரை வோல்ட்டுக்குள் நிற்க வேண்டிய எண், பதினாறை நெருங்கிக்கொண்டிருந்தது. ஆல்டர்னேட்டருக்குக் கடிவாளம் போடுகிற ரெகுலேட்டர் செத்துவிட்டது. அளவுக்கு மீறிய மின்சாரத்தில் பேட்டரி கொதித்து, உள்ளேயிருந்த தண்ணீர் ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரிந்துகொண்டிருந்தது. கந்தக அமிலத்திலிருந்து முட்டை வாடையும் கூடவே. காற்றில் நாலு சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தால் போதும், ஒரு கங்கு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். அத்தை சாம்பிராணித் தட்டைத் தெரு முனை வரை கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

அண்ணைக்கு இது எப்படிப் பட்டென்று தெரிந்தது என்று ஆச்சரியப்படக்கூடாது. 1990-களில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில் வண்டி வைத்திருந்தவர் அவர். பெட்ரோல் கிடையாது. மோரிஸ் மைனரையும் ஆஸ்டினையும் சில சொட்டுப் பெட்ரோல் விட்டுக் கிளப்பி, அப்புறம் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மின்சாரமும் கிடையாது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவிலிருந்து வருவதை வைத்து ரேடியோவில் செய்தி கேட்டார்கள். வேகமாகச் சுற்றினால் ரேடியோ கருகும், மெதுவாகச் சுற்றினால் செய்தி நின்றுபோகும். அந்த ஊரில் வீட்டுக்கு வீடு மனித ரெகுலேட்டர்கள் இருந்திருக்கிறார்கள். எங்கள் வண்டியில் இருந்தது செத்துப்போன ஒன்றே ஒன்று.

ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ரெகுலேட்டரை மாற்றினார். பேட்டரியும் புதிது போட வேண்டியதாயிற்று. நாற்றம் போன இடம் தெரியவில்லை. ஜப்பானியப் பெண் மட்டும் பழையபடி அட்டை கேட்கிறாள்.

மாமாவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. குற்றம் சாட்டினால்தானே மன்னிப்புக் கேட்க முடியும்? அன்று இரவு அத்தை தாமாகவே குமாரா அவித்து, வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக அவர் தட்டில் வைத்தார். “என்ன, திடீர்னு கவனிப்பு பலமா இருக்கு?” என்று கேட்டபடி மாமா சாப்பிட்டார்.

பழைய வண்டியில் ரோட்டோருவா கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இருபது முப்பது டாலருக்கு மல்டிமீட்டர் கிடைக்கிறது. ஆக்லாந்தை விடும் முன்னால் எஞ்சினை ஓடவிட்டுப் பேட்டரியில் வைத்துப் பாருங்கள். எண் பதினாலரைக்குள் நின்றால், வழியில் தைரியமாகப் பெரியவர்களைச் சந்தேகப்படலாம்.